மத்தியானத்துக்குள் மறைந்த லாட்ஜ்

அத்தியாயம் 5

வியாழக்கிழமை பகல் ஒன்றே கால் மணிக்கு, ஒரு லாட்ஜைக் காணவில்லை என்று ஆதிநாராயணனிடம் புகார் வந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் சைக்கிள் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் அவருடைய துப்பறியும் நிலையம். ரயில்வேயில் பதினெட்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு வெளியே வந்தவர். இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை காணாமல் போன ஆடுகள், காணாமல் போன ஒரு கிளாரினெட், கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போன ஒரு மாப்பிள்ளை ஆகியவற்றைத் தேடிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை மட்டும் மறுபடியும் காணாமல் போய்விட்டான். கட்டிடத்தைத் தேடச் சொல்லி யாரும் வந்ததில்லை.

"எத்தினி மாடிங்க?" என்று கேட்டாள் நீலாவதி.

நீலாவதி அவருடைய உதவியாளர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். நிலையத்தில் டைப்ரைட்டர் இல்லாததால் அந்த வேகம் முழுவதையும் பேச்சில் காட்டி வந்தாள்.

எதிரே மூன்று பேர் நின்றார்கள். விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கும் மங்களூர்ப் பக்கத்து விவசாயி கோவிந்தசாமி. அவருடைய மகள் கண்ணம்மாள், இருபத்திரண்டு வயது. மூன்றாமவர் இவர்களுக்கு உறவில்லை. வெள்ளை ஜிப்பா, கையில் 'யாத்ரிகர் சேவை' என்று எழுதிய மஞ்சள் துணிப்பட்டை, கக்கத்தில் பச்சைத் துணியால் ஒட்டுப் போட்ட கறுப்புக் குடை. பெயர் ராஜமாணிக்கம். மாசித் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஏமாந்து போகாமல் இருக்க, பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டீஸ் கொடுக்கிறவர்.

"பஸ் ஸ்டாண்டுல இந்தப் பொண்ணு அழுதுட்டு நின்னுச்சுங்க. மனசு கேக்கலை. போலீசுக்காரங்க எல்லாம் தேரடிக் கூட்டத்துல இருக்காங்க. அதான் நேரா உங்ககிட்ட கூட்டியாந்தேன்" என்றார் ராஜமாணிக்கம்.

"நான் அழுவலை. அப்பாதான் அழுதாரு" என்றாள் கண்ணம்மாள்.

கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்ததை அவளே சொன்னாள். ஊர் எல்லையில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். அசல் சர்டிபிகேட்டுகளும் உத்தரவும் கையில் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரு நாள் முன்னதாக வந்து தங்கி, சாமியும் கும்பிட்டுவிடலாம் என்று அப்பாவும் மகளும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் 'குமரகிரி யாத்ரிகர் விடுதி' என்று போர்டு. முகப்பில் ஒரு அம்மாள் உட்கார்ந்து பதிவேட்டில் பேர் எழுதி, ரசீது போட்டுச் சாவி கொடுத்தாள். டிரங்குப் பெட்டியை அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தால் போர்டு இல்லை. அம்மாள் இல்லை. வாசலில் பெரிய பூட்டு.

"பக்கத்து வூட்ல கேட்டோம். அது ஆறு மாசமா பூட்டிக் கெடக்குற வூடு, நெய்வேலிக்காரரோடதுன்னு சொல்றாங்க. நாங்க தெரு மாறி வந்துட்டோம்னு சிரிக்கிறாங்க."

"பெட்டியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் ஆதிநாராயணன்.

"நாலு புடவை. அப்பாவோட வேட்டி. எஸ்.எஸ்.எல்.சி. புக்கு, டிரெய்னிங் சர்டிபிகேட்டு, வேலை உத்தரவு. எல்லாம் ஒரே உறையில."

கோவிந்தசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாந்தாங்க பார்த்துப் பார்த்து அந்த எடத்தப் புடிச்சேன். ஐயா குடுத்த நோட்டீசுல இருக்குற மாதிரியே ஒண்ணு ஒண்ணா சரிபார்த்தேன். எனக்கே இப்படின்னா இது தனியா எப்படிங்க இந்த ஊர்ல இருக்கும்? சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"பெட்டி கெடைச்சா?" என்றாள் கண்ணம்மாள்.

ஆதிநாராயணன் நோட்டீஸைக் கேட்டு வாங்கி நீலாவதியிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்.

"'யாத்ரிகர்களுக்கு எச்சரிக்கை. பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் தங்காதீர்.' சரிதான். 'கையைப் பிடித்து இழுப்பவருடன் போகாதீர்.' இது லாட்ஜுக்கு மட்டும் இல்லை, எல்லாத்துக்கும் நல்லது. 'முகப்பில் பெண்மணி இருக்கும் விடுதியாகப் பாருங்கள். பதிவேடு, ரசீது, எண் வில்லை கட்டிய சாவி, ஜன்னலுக்குக் கம்பி, உள்பக்கம் தாழ்ப்பாள், மூடி வைத்த குடிதண்ணீர் இவை உள்ளனவா என்று கவனியுங்கள். கடைசியாக, கோயில் கூட்டத்தில் திருடர் அதிகம். பெட்டி, நகை, பத்திரம் எதையும் எடுத்துச் செல்லாமல் அறையிலேயே பூட்டிவிட்டுச் செல்லவும்.' மொத்தம் பத்து."

"நம்ம ஊர் லாட்ஜுல எது இதுக்குத் தேறும், நீலாவதி?"

அவள் விரல் விட்டுப் பார்த்தாள். "ஸ்டேஷன் பக்கத்துல இருக்குறதுல போர்டு இருக்குது, தாழ்ப்பாள் இல்லை. கடைத்தெருவுல தாழ்ப்பாள் இருக்குது, கதவு இல்லை. எதுவும் ஆறுக்கு மேல வாங்காதுங்க சார்."

"அதனாலதான் ஜனங்க ஏமாந்து போறாங்க" என்று பெருமூச்சு விட்டார் ராஜமாணிக்கம்.

"ம்" என்றார் ஆதிநாராயணன். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சாவி இருக்குதா?"

கண்ணம்மாள் சாவியைக் கொடுத்தாள். அதில் கயிறு கோத்து ஒரு வில்லை தொங்கியது. சுட்ட மண்ணில் செய்து பழுப்பு மெருகு பூசிய வட்ட வில்லை. ஒரு பக்கம் 7 என்று எண்.

"அந்த லாட்ஜுல எத்தனை ரூம்?"

"ரெண்டுதாங்க."

"மிச்ச அஞ்சையும் வித்துட்டாங்க போல" என்றாள் நீலாவதி.

ஆதிநாராயணன் வில்லையைத் திருப்பினார். பின்பக்கம் ஆணியால் கீறினது போல ஒரே ஓர் எழுத்து. 'பூ'.

ராஜமாணிக்கம் எட்டிப் பார்த்துத் தொடையில் தட்டினார். "பூபாலன்! பஸ் ஸ்டாண்டுல ஜட்கா ஓட்டுறவன். பெட்டியைத் தூக்கிட்டுப் போவ வண்டி வேணுமில்ல? ஐயா, ஜட்கா ஸ்டாண்டுல தேடுங்க. பீங்கான் கம்பெனிப் பக்கம் எல்லாம் போயி நேரத்தை வீணாக்காதீங்க."

பீங்கான் கம்பெனிப் பக்கம் போவதாக அதுவரை யாரும் சொல்லவில்லை. ஆதிநாராயணன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் கடைசியாகத்தான் டிக்கெட் கேட்க வேண்டும் என்பது அவர் ரயில்வேயில் கற்ற பாடம்.

"நல்ல யோசனை. பூபாலனைப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

பூபாலன் ஜட்காவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள். குதிரையும் அப்படியே.

"உன் மேல ஒரு சந்தேகம் இருக்குது. பீங்கான் ஷெட்டுங்க வரைக்கும் போவணும். வர்றியா?" என்றார் ஆதிநாராயணன்.

பூபாலன் யோசித்தான். "சந்தேகத்துக்குத் தனி வாடகை உண்டுங்களா?"

ராஜமாணிக்கம் பதறினார். "என்னங்க இது! குற்றவாளி வண்டியிலேயே போறதா?"

"வேற எப்படிங்க போறது? இதுல போனா அவன் தப்பிச்சு ஓடமாட்டான். நாமளும் நடக்க வேணாம்" என்றாள் நீலாவதி, முன்பக்கம் ஏறி உட்கார்ந்தபடி.

முதலில் பின்தெருவில் நிறுத்தி அந்த வீட்டைப் பார்த்தார்கள். பூட்டிய கதவு. நிலைக்கு மேலே புதிதாக அடித்த இரண்டு ஆணிகள். ஆதிநாராயணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு ஸ்டூல் தவிர ஒன்றும் இல்லை.

"ரெண்டு ஆணி, ஒரு ஸ்டூலு. சின்ன முதலீடு" என்றாள் நீலாவதி.

"இந்த வூடுதாங்க. நான் தெரு மாறலை" என்றார் கோவிந்தசாமி மெதுவாக. மத்தியானத்திலிருந்து அவரை யாரும் நம்பவில்லை.

"நீங்க மாறலை" என்றார் ஆதிநாராயணன். அந்த ஒரு வார்த்தைக்கே கோவிந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஊருக்கு வெளியே பீங்கான் ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. ஊறுகாய் ஜாடி, கோப்பை, கொலு பொம்மை என்று ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு சரக்கு. எல்லார் சரக்கையும் சேர்த்துச் சுடுவதற்கு வரிசைக் கடைசியில் ஒரு பெரிய விறகுச் சூளை. பழுப்பு ஜாடி செய்கிற ஷெட் எது என்று வாசலில் அடுக்கியிருந்த சரக்கே சொன்னது.

ஆதிநாராயணன் இறங்கினார். "நான் வண்டியில இருக்கேனே, வெயிலு" என்றார் ராஜமாணிக்கம்.

"உள்ள நெழலு. வாங்க."

ஷெட்டுக்குள் பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜாடிகளைப் பழுப்புக் குழம்பில் முக்கி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, நீலாவதி காட்டிய வில்லையைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினாள்.

"ஐயோ, இது என்னுதுங்க! என் பேரு பூவாயி. ஏழு என் நம்பரு. உலர வெக்கிற தட்டு யாரோடதுன்னு தெரியறதுக்குக் கட்டுவோம். ரெண்டு வில்லை காணாம போச்சுன்னு மேஸ்திரி என்னை என்னா பேச்சு பேசினாரு தெரியுங்களா? எங்க கெடைச்சுது?"

"ஒரு லாட்ஜுல" என்றாள் நீலாவதி. "நீ அங்க ஏழாம் நம்பர் ரூமு."

"வெளியாளு யாராச்சும் இங்க வருவாங்களா?" என்று கேட்டார் ஆதிநாராயணன்.

"யாரு வருவாங்க? பக்கத்து ஷெட்டு மூடிக் கெடந்துது. போன மாசம் ஒருத்தரு வாடகைக்கு எடுத்தாரு. ஏதோ சேவா சங்கமாம். குடிக்கத் தண்ணி கேட்டு வருவாரு. வேற ஒருத்தரும் வர்றதில்லை."

"ஆளு எப்படி இருப்பாரு?"

பூவாயி யோசித்தாள். "மூஞ்சி தெரியாதுங்க. எப்ப வந்தாலும் குடையைச் சாய்ச்சுப் புடிச்சிட்டுதான் வருவாரு. தண்ணி குடிக்கிறப்பவும் குடையை மடக்கமாட்டாரு."

ஆதிநாராயணன் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரு பொட்டு வெயில் இல்லாத இடத்தில், ராஜமாணிக்கம் குடையை விரித்து முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூரை ஒழுவுதுங்களா?" என்று கேட்டாள் நீலாவதி.

பூவாயி அந்தக் குடையையே பார்த்தாள். ஓரத்தில் பச்சை ஒட்டு. "இந்தக் குடைதாங்க" என்றாள். "மூஞ்சி தெரியாது. ஆனா இந்தக் குடையை எங்க பார்த்தாலும் சொல்லிடுவேன்."

குடைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஊர்ல ஒரே மாதிரி ஆயிரம் குடை இருக்கும்."

"முகம் தெரியாம இருக்கணும்னு விரிச்சீங்க. விரிக்காம வந்திருந்தா உங்களை யாருக்கும் அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்றார் ஆதிநாராயணன்.

ராஜமாணிக்கம் குடையை மடக்கினார். ஓடவில்லை. நிதானமாக நடந்து போய் ஜட்காவில் ஏறி, "பஸ் ஸ்டாண்டு, சீக்கிரம்" என்றார்.

பூபாலன் வெற்றிலையைத் துப்பினான். "என் மேல இருக்குற சந்தேகம் தீர்ற வரைக்கும் வண்டி நகராதுங்க" என்று சொல்லிக் கடிவாளத்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டான்.

பக்கத்து ஷெட் உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. ஆதிநாராயணன் தட்டினார். கதவு திறந்தது. பெரிய குங்குமப் பொட்டு வைத்த அம்மாள் ஒருத்தி, மடித்த புடவை கையோடு வந்து நின்றாள். வேறொரு சமயமாக இருந்தால் பயந்திருப்பாள். திருவிழா தொடங்கி ஆறு நாளாகத் தெரு மாற்றித் தெருவாகச் செய்த வேலை வாயில் முந்திக்கொண்டது.

"ரூமு வேணுங்களா? எத்தினி பேரு?" என்றாள்.

அப்புறம் பின்னால் நின்ற கண்ணம்மாளைப் பார்த்தாள். புடவை கீழே விழுந்தது.

உள்ளே சுவரோரம் ஒன்பது டிரங்குப் பெட்டிகள் இருந்தன. போர்டு ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. கண்ணம்மாள் நேராகத் தன் பெட்டிக்குப் போனாள். திறந்து கிடந்தது. புடவைகள் இருந்தன. வேட்டி இருந்தது. அவள் அடிவரை கையை விட்டுத் துழாவினாள்.

"உறை எங்க?"

அம்மாள் குனிந்து, கீழே விழுந்த புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"புடவையெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வெளியூர்ல வித்துடலாம்" என்றார் ஆதிநாராயணன். "காகிதத்துலதான் பேரு இருக்குது. அதை வெச்சுக்க முடியாது. எங்கம்மா போட்டீங்க?"

பதில் பூவாயியிடமிருந்து வந்தது. "சூளைக்குப் போயிருக்குங்க! சங்கத்துல இருந்து நேத்தும் இன்னிக்கும் ரெண்டு மூட்டை பழைய காகிதம் குடுத்தாங்க, அடுப்பு மூட்டறதுக்கு ஆவும்னு. சுப்புராயண்ணன் வெறகுக்கு அடியில போட்டுட்டாரு. ராவுகாலம் முடிஞ்சதும் தீ வெப்பாரு."

வியாழக்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்கு முடிகிறது. நீலாவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பத்து மூன்று.

கண்ணம்மாள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாள்.

சூளைக்காரர் சுப்புராயன், சூளைக்குத் தீ வைக்கும் எரிவாய்க்கு முன்னால் கற்பூரத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். எரிவாய் நிறைய விறகு. முப்பது வருடமாகச் சூளை கொளுத்துகிறவர். நேரம் தவறிக் கொளுத்தினால் சரக்கு விரிசல் விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"வெறகைப் பிரிக்கறதா? ஒரு நாளு முழுக்க அடுக்கினது" என்றார். "மூணுல இருந்து மூணே காலுக்குள்ள தீ வெக்கணும். உள்ள பன்னண்டு ஷெட்டுச் சரக்கு இருக்குது. காகிதத்துக்காக எல்லார் பொழப்பையும் நிறுத்தச் சொல்றீங்களா? நகருங்க."

ஆதிநாராயணன் சட்டம் பேசினார். சுப்புராயனுக்குச் சட்டத்தில் ஈடுபாடு இல்லை. நீலாவதி கெஞ்சினாள். அவர் கற்பூரத்தை ஏற்றினார்.

அப்போது கோவிந்தசாமி போனார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சூளைக்கும் சுப்புராயனுக்கும் நடுவில் புகுந்து, எரிவாயை முதுகால் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எழுந்திரிய்யா!"

"எழுந்திரிக்க மாட்டேன்" என்றார் கோவிந்தசாமி. "எங்க வகையறாவுல இதுவரைக்கும் யாரும் பள்ளிக்கூடம் தாண்டுனது இல்லைங்க. இது தாண்டிச்சு. அது பேரு எழுதின காகிதம் உள்ள இருக்குது. என்னாலதான் அது இங்க வந்துது. நீங்க தீ வெச்சா நான் இங்கேயே இருப்பேன்."

சுப்புராயன் கற்பூரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணம்மாள் அப்பாவின் தோளுக்கு மேலே கையை விட்டு ஒரு விறகைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. பூவாயி வந்து அடுத்ததை இழுத்தாள். நீலாவதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஷெட்டிலிருந்து மற்றப் பெண்களும் வந்தார்கள். விறகு வெளியே குவிந்தது.

முதல் மூட்டை வந்தது. கண்ணம்மாள் அதைக் கவிழ்த்துக் கொட்டினாள். ரேஷன் கார்டு, ஜாதகம், ஒரு பட்டாளத்துக்காரரின் பென்ஷன் புத்தகம், யாரோ ஒரு மருமகள் அம்மாவுக்கு எழுதித் தபாலில் போடாத கடிதம். அவள் உறை இல்லை.

சுப்புராயன் குனிந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்தார். போட்டோவைப் பார்த்தார். அதற்குமேல் அவர் படிக்கத் தெரிந்தவர் இல்லை. "பழைய காகிதம்னு சொன்னாங்களே" என்றார். கற்பூரம் தட்டிலேயே எரிந்து அணைந்தது. தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு, அவரே எரிவாய்க்குள் தலையை நுழைத்து இரண்டாவது மூட்டையை இழுத்து வந்தார்.

உறை அதில் இருந்தது. ஓரம் கொஞ்சம் கசங்கியிருந்தது. கண்ணம்மாள் பிரித்துப் பார்த்தாள். புக்கு, சர்டிபிகேட்டு, உத்தரவு எல்லாம் இருந்தன. அப்போதுதான் அவள் அழுதாள்.

"சூளை நாளைக்கி" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார் சுப்புராயன். "கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

ஆள் அனுப்பித் தேரடியிலிருந்து கான்ஸ்டபிள் வந்து சேர நாலு மணி ஆயிற்று. அதுவரை ராஜமாணிக்கம் ஜட்காவிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாள் அவருடைய அண்ணி என்பதும், பெட்டிகள் ஜாடிச் சரக்கோடு சரக்காக மாட்டு வண்டியில் வந்தன என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டது.

"எப்ப என் மேல சந்தேகம் வந்துது?" என்று கேட்டார். தொழில்முறையில் தெரிந்துகொள்ளும் ஆசை.

ஆதிநாராயணன் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். "இந்த ஊர்ல எந்த லாட்ஜும் இந்தப் பத்துக்கும் தேறாது. நேத்து வரைக்கும் இல்லாத ஒண்ணு மட்டும் பத்துக்குப் பத்து வாங்குது. கேள்வித்தாள் எழுதினவரும் பதில் எழுதினவரும் ஒரே ஆளா இருந்தாத்தான் அப்படி நடக்கும். இவங்களை யாரும் கையைப் புடிச்சு இழுக்கலை. நீங்க எச்சரிக்கை மட்டும்தான் செஞ்சீங்க. எச்சரிக்கிறவரை யாரு சந்தேகப்படுவாங்க? அப்புறம் பீங்கான் கம்பெனிக்குப் போவாதீங்கன்னு நீங்களா சொன்னீங்க."

"ஒம்பது விதி நல்ல விதிங்க. யோசிச்சு எழுதினது" என்றார் ராஜமாணிக்கம் வருத்தத்தோடு.

"அதுதான் பத்தாவதைக் காப்பாத்திச்சு. சரி, எனக்கு ஒண்ணு புரியலை. இவங்களை நீங்களே ஏன் என்கிட்ட கூட்டியாந்தீங்க?"

"விட்டா தேரடிக்குப் போயி போலீசுகிட்ட சொல்லிடுவாங்க. மூணு மணி வரைக்கும் எங்கேயாச்சும் உக்கார வெக்கணும். ஊர்ல விசாரிச்சேன். நேரத்தைப் போக்கறதுக்கு உங்க ஆபீஸை விட நல்ல எடம் இல்லைன்னாங்க. அந்த மாப்பிள்ளை சங்கதியும் சொன்னாங்க."

ஆதிநாராயணன் நோட்டீஸை மறுபடியும் நாலாக மடித்தார்.

"விளம்பரமே செய்யாம நம்ம பேரு எவ்வளவு தூரம் பரவியிருக்குது பாருங்க சார்" என்றாள் நீலாவதி.

ஆதிநாராயணன் பூபாலனிடம் திரும்பினார். "உன் மேல சந்தேகம் தீர்ந்துடுச்சு."

"அப்ப வெயிட்டிங்குக்கு யாருங்க குடுப்பாங்க?" என்றான் பூபாலன்.

எட்டுப் பெட்டிகளின் சொந்தக்காரர்களைத் தேடும் வேலை மீதமிருந்தது. கண்ணம்மாள் தரையில் உட்கார்ந்து, காகிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பெயர்களைப் படித்துச் சொல்ல, நீலாவதி எழுதிக்கொண்டாள். கோவிந்தசாமி சற்றுத் தள்ளி நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியல் முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ராத்திரிக்கு எங்கம்மா தங்கறது? எனக்கு இனிமே ஒரு எடமும் நம்பிக்கையா தெரியலை. காலையில வந்து வேலையில சேர்ந்துக்கலாம். இப்ப ஊருக்குப் போயிடலாம்."

"மொத பஸ்ஸு ஒம்பதரைக்குத்தான் இங்க வருது. பத்துக்குள்ள போவ முடியாதுப்பா."

பூவாயி பக்கத்தில் வந்தாள். "எங்க வூட்ல இருக்கட்டுமே. மாசக் கணக்குல இருந்தாலும் சரி. பள்ளிக்கூடம் எங்க தெருவுக்கு அடுத்த தெருதான்."

கோவிந்தசாமி வழக்கம் போலத் தொடங்கினார். "வூடு எப்படிங்க? கதவு கெட்டியா இருக்குமா?"

"கதவு சாத்தவே முடியாதுங்க. மழையில ஊதிப் போச்சு" என்றாள் பூவாயி. "நாங்க ஏழு பொம்பளைங்க இருக்கோம். என் மாமியா, நாத்தனாரு, பொண்ணுங்க. எவன் உள்ள வருவான்?"

கோவிந்தசாமி மகளைப் பார்த்தார். காலையில் அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டார்.

"உனக்கு எப்படித் தோணுது?"

கண்ணம்மாள் பூவாயியைப் பார்த்தாள். முழங்கை வரை சூளைக் கரியும் பழுப்புக் குழம்புமாக நின்றவளை முழுசாகப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால், யார் எவர் என்று தெரியாதவளுக்காக விறகு இழுத்த கை.

"நான் இங்க இருக்கேன்பா" என்றாள்.

ஐந்தரை மணிக்கு மங்களூர் வழியாகப் போகும் பஸ் புறப்பட்டது. கோவிந்தசாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேட்டி மட்டும் ஒரு பையில் மடியிலிருந்தது. நீலாவதியும் ஆதிநாராயணனும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"போயிட்டு வரேன்மா. சனிக்கெழமை வந்து பாக்கறேன். ஞாயித்துக்கெழமை உன்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீ அலைய வேணாம்பா" என்றாள் கண்ணம்மாள். "நானே வரேன். எனக்கு வழி தெரியும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்டக்டர் விசில் ஊதினார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.